அன்னை ஏறிய மலைப்பாதை

திருவண்ணாமலை செங்கம் சாலையில் உள்ள ஸ்ரீ ரமணாசிரமத்திற்கு வரும் அன்பர்கள் பெரும்பாலும் பகவானின் சமாதியை வலம் வந்து, மாத்ருபூதேஸ்வரர் சந்நிதியில் வணங்கி, பழைய கூடத்தில் சிறிது நேரம் கண்மூடி அமர்ந்து விட்டு ஊர் திரும்பி விடுவார்கள். ஆசிரமத்தின் பின்புறம் ஒரு சிறிய வாயில் இருக்கிறது. அதைத் தாண்டினால் கற்கள் பாவிய பாதை ஒன்று நேராக மலையின்மீது ஏறத் தொடங்குகிறது. கந்தாசிரமத்திற்கும், அங்கிருந்து விரூபாக்ஷ குகைக்கும் செல்லும் வழி அதுதான். தூரம் என்று பார்த்தால் அதிகமில்லை. இளைஞர்கள் அரைமணி, முக்கால் மணி நேரத்தில் கந்தாசிரமத்தை அடைந்து விடுகிறார்கள். எழுபதைக் கடந்தவர்களுக்கோ அது ஒரு சங்கல்பம்.

மார்கழி மாதத்துக் காலை ஒன்றில் அந்த வாயிலுக்கு வயது முதிர்ந்த தம்பதியர் வந்து நின்றனர். கும்பகோணத்துப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். அம்மையார் முன்னரே செருப்பைக் கழற்றி ஆசிரமத்தில் விட்டு வந்திருந்தார். கையில் ஒரு சிறிய பித்தளைச் செம்பு. கணவருக்கு வலது முழங்காலில் பட்டை சுற்றியிருந்தது. "நீங்க வராட்டாலும் பரவாயில்லை. நான் போய்ட்டு வந்துடறேன்" என்றார் அம்மையார். "முடிஞ்ச வரைக்கும் வரேன்" என்றார் அவர். இருவருக்கும் இடையே அதற்குமேல் பேச்சில்லை. அம்மையார் எதற்காக ஏறுகிறார் என்பது அவருக்குத் தெரியும். ஒரே மகன் ஐந்தாண்டுகளாகக் கடல் கடந்த தேசத்தில் இருக்கிறான். தொலைபேசியில் பேசுவதும் குறைந்து வருகிறது. கந்தாசிரமத்தில் அழகம்மையார் வாழ்ந்த அறையில் ஒரு நாழிகை அமர்ந்துவிட்டு வரவேண்டும் என்பது அந்தத் தாயின் நெடுநாள் வேண்டுதல்.

பாதையின் தொடக்கந்தான் சற்றுக் கடினம். படிபோல் அடுக்கிய கற்கள் செங்குத்தாக உயர்கின்றன. மூச்சு வாங்கும் வேளையில் மலை தானாகவே இரங்கி வழியைச் சமப்படுத்தி விடுகிறது. பிறகு பாதை மலைச்சரிவை ஒட்டிக் கிழக்கு நோக்கி வளைந்து வளைந்து செல்லும். இருபுறமும் மரங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்தவர்கள் இந்த நிழலைக் கண்டிருக்க மாட்டார்கள். பழைய புகைப்படங்களில் அருணாசலம் பெரும்பாலும் வெறும் பாறையும் காய்ந்த புல்லுமாகவே காட்சி தருகிறது. ஆடுமாடுகளும், விறகுக்காக வெட்டியவர்களும், கோடையில் ஆண்டுதோறும் பற்றிய தீயும் மலையை மொட்டையாக்கியிருந்தன. 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் கன்று நட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றி, தீ பரவாமல் தடுக்கப் புல்லை அகற்றி, மெல்ல மெல்லப் பச்சையை மீட்டு வருகிறார்கள். மலையையே லிங்கமாக வணங்குகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அபிஷேகம் வேறொன்று உண்டா என்று தோன்றும்.

வழியில் ஆங்காங்கே மாக்கல்லில் பிள்ளையாரும் நந்தியும் செதுக்கி விற்பவர்கள் துணி விரித்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அம்மையாரைப் பார்த்து, "பாட்டி, பாத்து ஏறுங்க. இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றார். மலைப்பாதைகளில் எல்லா இடங்களிலும் எல்லோரும் சொல்லும் சொல் அது. பழநியிலும் சபரிமலையிலும் கேட்டதுதான். அது அளவைக் குறிக்கும் சொல் அன்று, ஆறுதலைக் குறிக்கும் சொல் என்பதை ஏறிப் பழகியவர்கள் அறிவர்.

பாதிக்கு மேல் சென்றதும் மரங்கள் விலகி ஒரு பாறைவெளி வருகிறது. அங்கே நின்று கீழே பார்ப்பவர்கள் சிறிது நேரம் வாய் பேசாமல் இருந்து விடுவார்கள். அண்ணாமலையார் ஆலயம் முழுவதும் வரைபடம்போல் விரிந்து கிடக்கிறது. மதிலுக்குள் மதிலாக அமைந்த பிராகாரங்கள், ஒன்பது கோபுரங்கள், இரண்டு திருக்குளங்கள். கிழக்கே 217 அடி உயரத்தில் பதினொரு நிலைகளோடு நிற்கும் இராஜகோபுரம், கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கித் தஞ்சை நாயக்கர் காலத்தில் நிறைவு பெற்றது. கீழே நின்றால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய அந்தக் கோபுரம், இங்கிருந்து கொலுப்படியில் வைத்த பொம்மையளவே தெரிகிறது.

மேலை நாடுகளில் இடைக்கால மக்கள் கடலை நோக்கிய மலையுச்சிகளில் ஊர் அமைத்து வாழ்ந்தார்கள். பிரான்சு நாட்டின் தென்கரையில் அத்தகைய ஊர்கள் இன்றும் பயணிகளை ஈர்க்கின்றன. கடற்கொள்ளையரும் பகைவரும் வரும்போது முன்னரே கண்டுகொள்ளவும், கதவடைத்துத் தற்காத்துக் கொள்ளவும் அவர்களுக்கு உயரம் தேவைப்பட்டது. அருணாசலத்திலோ நிலைமை நேர்மாறு. கோட்டைபோன்ற மதில்களும் செல்வமும் கீழே இருந்தன. எதையும் காத்துக்கொள்ள வேண்டாதவர்களே மேலே ஏறினார்கள்.

கீழே இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு எளிதாக வாய்க்கவுமில்லை. கோபுரங்களுள் வல்லாள கோபுரம் எனப்படுவதைத் தேடிப் பார்த்தால் போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் நினைவுக்கு வருவான். வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகளால் தன் நாடு அலைக்கழிக்கப்பட்ட காலத்தில் அவன் திருவண்ணாமலையைத் தன் தலைநகரங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தான். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், முதுமையில், மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். மக்கட்பேறு இல்லாத அம்மன்னனுக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார் என்பது தல வரலாறு. அதனால் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு அண்ணாமலையார் எழுந்தருளி, வல்லாள மகாராஜனுக்கு மகனாக இருந்து திதி கொடுக்கிறார். எழுநூறு ஆண்டுகளை நெருங்கியும் ஒரு மகனின் கடமை தவறவில்லை. பாறையில் நின்று அந்தக் கோபுரத்தைக் காணும்போது, பிள்ளைகளை எண்ணி ஏங்கும் பெற்றோருக்கு இந்தக் கதை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முழங்காலில் பட்டை கட்டிய முதியவர் அந்தப் பாறையிலேயே அமர்ந்து விட்டார். "நீ போயிட்டு வா. நான் இங்கேயே கோயிலைப் பாத்துண்டு இருக்கேன்" என்றார். அம்மையார் ஒரு கணம் தயங்கினார். பிறகு செம்பை இறுகப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்தார்.

கந்தாசிரமம் மலைச்சரிவில் தென்னையும் மற்ற மரங்களும் சூழ்ந்த ஒரு சோலை. வெயிலில் நடந்து வருபவர்களுக்கு அது திடீரென்று எதிர்ப்படும். காவிரிக்கரை வீடு ஒன்றைத் தூக்கி மலையில் வைத்ததுபோல் இருக்கும் என்று தஞ்சைப் பக்கத்து அன்பர்கள் சொல்வதுண்டு. பக்கத்தில் ஓர் ஊற்று. இந்த இடத்தைச் சீர்திருத்தி, பாறையைச் சமன் செய்து, குடியிருப்பாக ஆக்கியவர் கந்தசாமி என்ற அடியவர். அவர் பெயராலேயே அது கந்தாசிரமம் ஆயிற்று. முருகன் பெயரும் அதுவே என்பதால் பலர் அந்தத் தொண்டரை மறந்து விடுகிறார்கள். தன் பெயர் மறைந்து இறைவன் பெயர் நிலைத்ததை அவர் குறையாக எண்ணியிருக்க மாட்டார்.

பகவான் 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், பதினாறு வயதுச் சிறுவனாக மதுரையிலிருந்து இவ்வூருக்கு வந்து சேர்ந்தார். ஆயிரங்கால் மண்டபத்திலும் பாதாளலிங்கத்திலும் குருமூர்த்தத்திலும் இருந்துவிட்டுப் பவழக்குன்றில் இருந்தபோது, 1898இல் தாயார் அழகம்மையார் மூத்த மகனோடு வந்து கண்டுபிடித்தார். சடையும் அழுக்குமாக அமர்ந்திருந்த பிள்ளையைப் பார்த்து, வீட்டுக்கு வா என்று நாள்தோறும் அழுதார். பிள்ளை மௌனம். அருகிலிருந்தவர்கள் வற்புறுத்திக் காகிதமும் எழுதுகோலும் கொடுக்க, நடப்பது வினைப்படியே நடக்கும், நடவாதது எவ்வளவு முயன்றாலும் நடவாது என்ற கருத்தை எழுதிக் கொடுத்தார். தாய் வெறுங்கையோடு திரும்பினார். பெற்ற வயிற்றுக்கு அந்தத் துண்டுக் காகிதம் என்ன ஆறுதல் தந்திருக்கும்? வேதாந்தம் அறிந்தவர்கள் அந்த உபதேசத்தை வியந்து போற்றுகிறார்கள். வெறுங்கையோடு மானாமதுரைக்குத் திரும்பிய அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

கதை அத்துடன் முடியவில்லை. கணவரை முன்பே இழந்திருந்த அழகம்மையாருக்கு 1900இல் மூத்த மகனும் மறைந்தார். சொந்த வீடு கைவிட்டுப் போயிற்று. 1914இல் மகனைக் காண வந்தபோது கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். அப்போது பகவான் தாயின் நலத்துக்காக அருணாசலனை வேண்டிப் பாடல்கள் இயற்றினார். வினைப்படிதான் நடக்கும் என்று எழுதிக் கொடுத்த அதே பிள்ளை! இறுதியாக 1916இல் அவர் மலையேறி வந்து மகனோடு தங்கி விட்டார். விரூபாக்ஷ குகையில் இடம் போதாது என்பதால் அந்த ஆண்டே அனைவரும் மேலே உள்ள கந்தாசிரமத்துக்குக் குடிபெயர்ந்தனர்.

அதுவரை ஊரில் சென்று பிச்சையேற்று வந்ததைப் பகிர்ந்து உண்டு வந்த துறவிகளின் இருப்பிடத்தில், தாய் வந்த பிறகே அடுப்பு மூட்டப்பட்டது. ஆசாரமான குடும்பத்துப் பெண்மணி அவர். வெங்காயத்தைத் தொட மாட்டார். மடி, தீட்டு என்று பார்ப்பார். அந்த மடியும் வெங்காயமும் மோட்சத்துக்குப் பெருந்தடை போலும் என்று பகவான் பரிகாசம் செய்வதுண்டாம். சில நாட்களில் மற்ற எல்லோருடனும் பேசிவிட்டுத் தாயிடம் மட்டும் பேசாமல் இருப்பார். தாய் அழுவார். எல்லாப் பெண்களும் எனக்கு அன்னையரே, நீ மட்டும் அல்ல என்ற கருத்தில் பதில் வரும். கேட்பவர்க்குக் கல்நெஞ்சாகத் தோன்றும் அந்தச் சொற்களால், ஒரே ஒரு பிள்ளையின்மேல் கட்டியிருந்த கயிறு இழை இழையாக அறுந்தது. இளைய மகன் நாகசுந்தரமும் மலைக்கே வந்து துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் ஆனார். பின்னாளில் ஆசிரமத்தை வளர்த்து நடத்தியவர் அவரே.

1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அன்னையின் இறுதி நாள். காலை முதல் இரவு எட்டு மணி வரை பகவான் அருகிலேயே இருந்தார். வலது கையைத் தாயின் மார்பின்மீதும், இடது கையைத் தலைமீதும் வைத்தபடி, மேலெழுந்த வாசனைகள் யாவும் இதயத்தில் ஒடுங்கும் வரை கைகளை எடுக்கவில்லை. சூழ்ந்திருந்தவர்கள் வேதமும் இராம நாமமும் ஓதினார்கள். உயிர் அடங்கிய பின் பகவான் துக்கம் காக்கவில்லை. தாய் முக்தி பெற்றார் என்பதால் உடலைத் தகனம் செய்யாமல், மலையின் தென் அடிவாரத்தில் பாலி தீர்த்தத்தின் அருகே சமாதி வைத்தனர். பெண்ணுக்கும் இது பொருந்துமா என்று கேட்டவர்களுக்கு, ஞானத்தில் ஆண் பெண் பேதம் இல்லை என்பது அவர் முன்பே அளித்திருந்த விடை.

அந்த அறை கந்தாசிரமத்தில் இன்றும் இருக்கிறது. மிகச் சிறியது. உள்ளே விளக்கின் ஒளியைத் தவிர வேறு அலங்காரமில்லை. அம்மையார் உள்ளே சென்று சுவரோரம் அமர்ந்தார். முதலில் கைகூப்பினார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே குரங்குகள் கூரையில் ஓடும் ஓசை. பக்கத்தில் வெளிநாட்டு இளைஞர் ஒருவர் அசையாமல் அமர்ந்திருந்தார். அவரும் யாரோ ஒரு தாயின் பிள்ளைதான். எந்தத் தேசத்தில் யார் அவர் தொலைபேசிக்காகக் காத்திருக்கிறாரோ. அம்மையார் அந்த இளைஞரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

கந்தாசிரமத்திலிருந்து செங்குத்தான படிகளில் இறங்கினால் விரூபாக்ஷ குகை. பகவான் 1899 முதல் பதினேழு ஆண்டுகள் இருந்த இடம் அது. விரூபாக்ஷ தேவர் என்ற மகானின் சமாதி உள்ளே இருக்கிறது. குகையின் அமைப்பு ஓங்கார வடிவம் என்பர். உள்ளே நுழைந்தால் வெப்பமும் இருளும் கண்ணையும் காதையும் ஒருசேர மூடுவதுபோல் இருக்கும். காவ்யகண்ட கணபதி முனி 1907 நவம்பரில் இங்கு வந்து உபதேசம் பெற்று, பிராமண சுவாமி என்று மட்டும் அறியப்பட்டிருந்தவருக்கு பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்ற பெயரைச் சூட்டினார். 1911இல் ஹம்ப்ரீஸ் என்ற ஆங்கிலேயப் போலீஸ் அதிகாரி இம்மலை ஏறி வந்து வணங்கினார். அக்ஷரமணமாலை பிறந்ததும் இந்தக் குகைவாச காலத்தில்தான். ஊருக்குள் பிச்சைக்குச் செல்லும் சாதுக்கள் பாடிச் செல்ல ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டதே காரணம்.

குகையைப் பற்றிய ஒரு சிறு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். பகவான் அங்கு வசித்த நாட்களில், கார்த்திகை தீபத்துக்குத் திரளும் கூட்டத்திடம் குகையை நிர்வகித்த மடத்தார் ஒரு சிறு காசு வசூலித்தனர். தம்மைக் காண வருபவர்களிடமும் கட்டணம் கேட்கிறார்கள் என்று அறிந்ததும் பகவான் வாதாடவில்லை. எழுந்து வெளியே வந்து மரத்தடியில் அமர்ந்தார். வசூல் அங்கும் நீளவே, வேறு குகைக்கு நகர்ந்தார். அவரில்லாத குகைக்குக் கூட்டம் வரவில்லை. வசூலும் நின்றது. சிறப்பு தரிசனச் சீட்டுக்கு வரிசையில் நிற்கும் இந்நாளில் இதை நினைத்துப் பார்ப்பது தவறில்லை.

அதற்கும் கீழே குகை நமசிவாயர் சந்நிதி. அவருடைய சீடர் குரு நமசிவாயர் இங்கிருந்தபடியே தில்லையில் திரைச்சீலை பற்றியெரிவதை உணர்ந்து, தம் ஆடையைக் கசக்கி அணைத்தார் என்ற வரலாறு அன்பர்கள் பலரும் கேட்டதே. அதன்பின் பாதை ஊருக்குள் இறங்கி, பெரிய கோயிலின் மேற்கே பேய்க்கோபுரத்தின் பக்கம் கொண்டு விடும்.

இறங்கும்போது மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும் வீடுகள் கண்ணில் படும். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், பெஞ்சல் புயல் மழையில், வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு உயிர்கள் மண்ணில் புதைந்தன. அவ்வாண்டு கார்த்திகை தீபத்துக்கு உச்சி ஏறப் பக்தர்கள் அனுமதிக்கப்படவில்லை. மலை ஒருபோதும் சினந்து அழிப்பதில்லை. வேர்கள் பிடித்திருந்த மண்ணை நாம்தான் விடுவித்தோம். 2668 அடி உயரமுள்ள இந்த மலையின்மீது தீபத்தன்று லட்சம் கண்கள் பதிகின்றன. மற்ற நாட்களில் அதன் அடிவாரத்தில் யார், எங்கே, எந்தப் பாறையின் கீழ் வாழ்கிறார்கள் என்பதையும் யாரேனும் பார்த்திருக்க வேண்டும்.

மலைவழி செல்ல விரும்பும் மூத்த அன்பர்கள் காலை வெயில் ஏறுமுன் புறப்படுவது நல்லது. குடிநீரும் ஒரு கைத்தடியும் போதும். தின்பண்டப் பொட்டலம் வேண்டாம், குரங்குகள் விடமாட்டா. வெறுங்காலோடு ஏறுவது மரபு என்றாலும், சர்க்கரை நோயுள்ளவர்கள் காலைக் காத்துக்கொள்வதில் அபசாரம் எதுவுமில்லை. தனியாகச் செல்வதைத் தவிர்க்கலாம். மழைக்காலத்தில் பாறை வழுக்கும். மாலையில் வாயிலை அடைத்து விடுவார்கள். விரூபாக்ஷ குகைக்கு இறங்கும் படிகள் முழங்காலைச் சோதிப்பவை. ஆதலால் கந்தாசிரமம் வரை சென்று வந்த வழியே திரும்புவோர் பலர்.

ஏறவே இயலாதவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. அன்னையின் சமாதிக்குப் பின் பகவான் கந்தாசிரமத்திலிருந்து நாள்தோறும் இறங்கி வந்து தரிசித்துத் திரும்பினார். சில மாதங்கள் கழித்து, 1922 டிசம்பரில் ஒருநாள் வந்தவர் திரும்பிச் செல்லவில்லை. கீழேயே தங்கி விட்டார். அங்கு ஓலைக்குடிசையாகத் தொடங்கியதுதான் இன்றைய ரமணாசிரமம். சமாதியின்மேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் ஆலயத்துக்கு 1949 மார்ச் 17இல் குடமுழுக்கு நடந்தது. மகனைத் தேடித் தாய் மலையேறியதும், தாயைத் தேடி மகன் மலையிறங்கியதும் ஒரே பாதையில்தான்.

அம்மையார் கந்தாசிரமத்தை விட்டு வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஊற்றுநீரைச் செம்பில் பிடித்து, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு மெதுவாக நடந்தார். பாறையில் முதியவர் அதே இடத்தில், கோயிலை நோக்கியபடி அமர்ந்திருந்தார். "ஒன்பது கோபுரத்தையும் எண்ணிட்டேன்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அம்மையார் பக்கத்தில் அமர்ந்து, அவருடைய குவித்த உள்ளங்கையில் செம்பிலிருந்து நீரைச் சாய்த்தார்.